மோட்டார் கடையில் ஒரு புத்தகம்

(மாவட்ட நூலகம் ஒன்றின் வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரை. பேச்சின் போக்கு மாறாமல் எழுத்தில் தரப்படுகிறது.)



என்னை அறிமுகம் செய்த நண்பர், 'சொந்தமாகப் புத்தகம் போட்டு வெற்றி கண்டவர்' என்று சொல்லிவிட்டார். நல்ல மனசில் சொன்னது. ஆனாலும் கணக்கை ஒப்பிக்காமல் பேச ஆரம்பித்தால் உங்களை ஏமாற்றியது போல ஆகிவிடும். என் புத்தகம் கமலை இறைப்பைப் பற்றியது. மாடு பூட்டிக் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைத்த காலத்தைப் பற்றி 176 பக்கம், அதாவது 11 பாரம். 500 பிரதி அடித்தேன். அச்சுக்கூலியும் காகிதமும் 39,000 ரூபாய். அட்டை, பக்க வடிவமைப்பு, மெய்ப்புத் திருத்தம் எல்லாம் சேர்ந்து 11,000. ஆக 50,000, பிரதி ஒன்றுக்கு அடக்கவிலை 100 ரூபாய். அட்டையில் போட்ட விலை 220. இரண்டரை வருஷத்தில் 380 விற்றிருக்கிறது. 84 சும்மா கொடுத்தது. மீதி 36. நண்பர் சொன்ன வெற்றி இவ்வளவுதான்.

இங்கே சொந்தமாகப் புத்தகம் போட்டவர்கள் நாலைந்து பேர் இருக்கிறீர்கள் என்று தெரிகிறது. 84 சும்மா கொடுத்தது என்றதும் தலையாட்டியவர்களை வைத்துச் சொல்கிறேன்.

அந்த 84-இலிருந்தே ஆரம்பிக்கலாம். புத்தகம் வந்த வாரம் சொந்தக்காரர் ஒருவர் போன் செய்தார். "ஏம்ப்பா, எனக்கு ஒரு காப்பி எடுத்து வைக்கலையா?" அதில் அன்பு இருந்தது, உரிமை இருந்தது. விலை என்ன என்ற கேள்விதான் இல்லை. அவர் மளிகைக் கடை வைத்திருக்கிறார். நான் போய், எனக்கு ஒரு கிலோ துவரம்பருப்பு எடுத்து வைக்கவில்லையா என்று கேட்டால் சிரிப்பார். பருப்புக்கு விலை உண்டு என்பது இருவருக்கும் தெரியும். புத்தகத்துக்கு விலை உண்டு என்பது அவருக்கும் தெரியவில்லை; வெட்கத்தை விட்டுச் சொன்னால், எனக்கும் அப்போது தெரியவில்லை. கையெழுத்துப் போட்டு, 'அன்புடன்' என்று எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். எட்டு மாதம் கழித்து அவர் வீட்டுக்குப் போனபோது அது டிவி ஸ்டாண்டில், ஆடாமலிருக்க ஒரு காலுக்கு அடியில் இருந்தது. கோபம் வரவில்லை. என் புத்தகம் ஒரு வீட்டில் இவ்வளவு உபயோகமாக இருந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

சும்மா கிடைத்த புத்தகத்தை யாரும் படிப்பதில்லை என்று பொதுவாகச் சொல்லிவிட மாட்டேன். படித்தவர்கள் உண்டு. ஆனால் விலை கேட்கக் கூச்சப்பட்டு நான் கொடுத்த பிரதிகள் ஒவ்வொன்றும், கேட்டிருந்தால் 220 ரூபாய் கொடுத்திருக்கக்கூடிய ஒருவரை இழந்த பிரதி. அந்தக் கூச்சத்துக்கு நான் கொடுத்த விலை 8,400 ரூபாய், அடக்கவிலைக் கணக்கில்.

அடுத்தது வெளியீட்டு விழா. கூடத்துக்கு 4,000, சிறப்பு விருந்தினருக்குக் கார் 5,000, ஆறு பொன்னாடை 1,500, பேனர் 900, காபி, சுண்டல், கேசரி 3,200. மொத்தம் 14,600. வந்திருந்தவர்கள் தொண்ணூறு பேர் இருக்கும். விழாவில் 200 ரூபாய்க்குக் கொடுத்து 31 பிரதி விற்றது. 6,200 ரூபாய். வாழ்த்திப் பேசிய ஐந்து பேரில் இருவர் அட்டையைத் தாண்டவில்லை என்பது பேச்சிலேயே தெரிந்தது. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, முந்தின நாள்தான் பிரதி கொடுத்தேன். பழங்காலத்தில் அரங்கேற்றம் என்று ஒன்று இருந்தது. அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் கேள்வி கேட்பார்கள். புலவர் பதில் சொல்ல வேண்டும். நூலுக்கு முன்னால் பெரியவர்களிடம் சாற்றுக்கவி வாங்கிச் சேர்த்தார்கள். இன்றைக்குப் பின்னட்டையில் போடும் பாராட்டு வரிகளின் பாட்டனார் அது. நாம் சாற்றுக்கவியை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டு, கேள்வியைக் கைவிட்டோம்.

கடை, கண்காட்சி விஷயத்தைச் சீக்கிரம் சொல்லி முடிக்கிறேன். இதில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. கடைக்காரர் 35 சதவீதம் கழிவு கேட்பார். 220-இல் 77 அவருக்கு, 143 நமக்கு. அடக்கவிலை போனால் 43. பார்சல் செலவும், பணம் கேட்டு மூன்று தடவை போய்வரும் பஸ் கட்டணமும் அதில்தான். கடைக்காரரைத் திட்ட மாட்டேன். வாடகை அவருக்கு, கரண்ட் பில் அவருக்கு. சென்னைப் புத்தகக் காட்சி 1977-இல் தொடங்கியது. இப்போது மாவட்டங்களிலும் புத்தகக் காட்சிகள் நடக்கின்றன. ஒரே ஒரு தலைப்பை வைத்துக்கொண்டு அரங்கு எடுக்க முடியாது. தெரிந்த பதிப்பாளர் மேசையில் பத்துப் பிரதி வைக்கச் சொல்லலாம். அங்கே ஆயிரம் முதுகுகளுக்கு நடுவில் நம் முதுகு ஒன்று. ஐஎஸ்பிஎன் எண் வாங்கிவிடுங்கள், இந்தியாவில் அதற்குக் கட்டணம் கிடையாது. 1954-ஆம் வருஷச் சட்டப்படி கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் நம் கன்னிமாராவுக்கும் மும்பை, டெல்லி நூலகங்களுக்கும் ஒரு பிரதி அனுப்ப வேண்டும். அனுப்புங்கள், நமக்குப் பிறகும் அவை இருக்கும். பொது நூலகங்களுக்கு வாங்கும் நூலக ஆணை வந்தால் சந்தோஷம். வரும் என்று நம்பி ஆயிரம் அடித்துக் கட்டிலுக்கடியில் அடுக்கியவர்களை எனக்குத் தெரியும். அடுக்கியவரின் மனைவியிடம் பேசிப் பாருங்கள்.

பத்து மாதம் முடிந்தபோது, விழாவில் விற்ற 31 உட்பட, 73 பிரதி விற்றிருந்தது. பேஸ்புக்கில் அட்டைப் படம் போட்டேன். 214 லைக், வாழ்த்துகள் ஐம்பது, ஆர்டர் ஒன்பது. எழுதியது சரியில்லையோ, தலைப்பு சரியில்லையோ, தமிழனுக்கே படிக்கும் பழக்கம் இல்லையோ என்று வழக்கமான வரிசையில் கவலைப்பட்டேன். கடைசியாகச் சொன்னது எழுத்தாளர்களுக்கு ரொம்ப சௌகரியமான கவலை. குற்றத்தை எட்டுக் கோடிப் பேர் தலையில் வைத்துவிட்டு நாம் தூங்கலாம்.

அந்தச் சமயத்தில் வீட்டு மோட்டார் புகைந்துபோனது. ஒட்டன்சத்திரத்தில் காய்கறி மார்க்கெட்டுக்குப் போகிற வழியில் காயில் கட்டும் கடை ஒன்று. மோட்டாரை இறக்கிவிட்டுக் காத்திருக்கும்போது பையிலிருந்த என் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். எழுத்துப் பிழை ஏதாவது கண்ணில் படுகிறதா என்று பார்ப்பது நோயாகவே ஆகியிருந்தது. கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "என்ன சார், கமலைப் படமா? எங்கப்பாரு ஓட்டுனவரு." வாங்கிப் பார்த்தார். கையெல்லாம் வார்னிஷ். அப்படியே மேசைமேல் வைத்துவிட்டு வேலைக்குத் திரும்பினார். நானும் எடுக்காமல் வந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் போன். "சார், மோட்டாரு ரெடி. அந்தப் புஸ்தகத்த ஒருத்தர் எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு. அட்டையில போட்டிருந்த காசக் குடுத்துட்டாரு. வரும்போது இன்னும் பத்து கொண்டுவாங்க."

அந்தக் கடையில் என்ன நடக்கிறது என்று பிறகு உட்கார்ந்து கவனித்தேன். மோட்டார் கொண்டுவருகிறவர் விவசாயி. அறுபது வயதுக்கு மேல் என்றால் சின்ன வயதில் கமலை மாட்டின் பின்னால் நடந்தவர், அல்லது வடத்தின்மேல் உட்கார்ந்து சவாரி செய்த பையன். மோட்டார் எரிந்துபோன கடுப்பில் வருகிறார். பயிர் காய்கிறது. கடைக்காரர் ஒரு மணி நேரம் ஆகும் என்கிறார். செய்வதற்கு ஒன்றும் இல்லை. மேசைமேல் கமலைப் படம் போட்ட புத்தகம். கரண்டும் வேண்டாம், காயிலும் வேண்டாம், இரண்டு மாடு போதும் என்றிருந்த காலத்தைப் பற்றி. இதைவிடப் பொருத்தமான இடத்தை எந்த விளம்பர நிபுணராலும் எனக்குக் கண்டுபிடித்துத் தந்திருக்க முடியாது. அந்தக் கடையில் வேறு புத்தகமே கிடையாது; முருகன் படம் போட்ட காலண்டர் ஒன்றும் பில் புத்தகமும் தவிர.

கடைக்காரருக்கு 30 சதவீதம் தருகிறேன் என்றேன். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "அறுபத்தாறு ரூவாயா? எதுக்கு சார், இருவது குடுங்க போதும்" என்றார். ஏழு மாதத்தில் அந்த மேசையில் 64 பிரதி போனது. அதற்கப்புறம் நானே வழி பிடித்துக்கொண்டேன். உரக்கடை, விதைக்கடை, கிணறு ஆழப்படுத்தும் ஆட்கள் டீ குடிக்கும் இடம், மாட்டுச்சந்தை. சந்தையில் தார்ப்பாயில் பரப்பி உட்கார்ந்தபோது முதல் ஒரு மணி நேரம் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. தெரிந்த வாத்தியார் யாராவது வந்துவிடக் கூடாதே என்று இருந்தது. வந்தார். மூன்று பிரதி வாங்கினார். அவர் வழியாக இன்னொருவர், தன் அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்குத் தாம்பூலப் பையில் போட 40 பிரதி கேட்டார். பெரியவர் கமலை ஓட்டி, அந்தத் தண்ணீரில் விளைந்ததை விற்று மகனைப் படிக்க வைத்தவர். அந்த 40 பேர் புத்தகக் கடைப் பக்கம் தலைவைத்தும் படுக்காதவர்கள். அவர்களில் ஆறு பேர் எனக்குப் போன் செய்தார்கள். எந்த விமர்சகரும் எனக்குப் போன் செய்ததில்லை.

புத்தகத்தை வாசகர் இருக்கும் இடத்துக்கே கொண்டுபோவதை நான் புதிதாகக் கண்டுபிடித்ததாக நினைத்து ஒரு மாதம் தலைகனத்துடன் அலைந்தேன். பிறகு படிக்கப் படிக்க, நமக்கு முந்தினவர்கள் எல்லாம் செய்ததுதான் என்று தெரிந்தது.

சென்னையில் குஜிலிக் கடை என்று ஒன்று இருந்தது. ரயில் விபத்தா, வெள்ளமா, ஊரைக் கலக்கிய கொலையா, பகத்சிங்கைத் தூக்கிலிட்ட செய்தியா, உடனே பாட்டுக் கட்டி மட்டமான காகிதத்தில் சின்னப் புத்தகமாக அடித்து, காலணா அரையணாவுக்கு விற்பார்கள். பாடிக்கொண்டே விற்பது. ரயில் விபத்துப் பாட்டு ரயில் நிலையத்திலும், திருவிழாச் சிந்து திருவிழாவிலும் விற்றது. பேராசிரியர் ஆ. இரா. வேங்கடாசலபதி 'முச்சந்தி இலக்கியம்' என்ற நூலில் இந்த உலகத்தை விரிவாகக் காட்டியிருக்கிறார். நாம் சுயபதிப்பு, நேரடி விற்பனை என்று பெரிய பெயர் வைத்துக் கூட்டம் போடுகிறோம். அவர்கள் குரலை மட்டும் வைத்துக்கொண்டு செய்துவிட்டுப் போனார்கள்.

உ.வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது அவருக்கு வயது 32. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர். அச்சுச் செலவுக்குக் கையில் பணம் இல்லை. புத்தகம் வந்தால் வாங்கிக்கொள்கிறோம் என்று பலரிடம் முன்கூட்டியே கையொப்பம் வாங்கினார். இன்றைக்கு முன்பதிவு என்று நாம் சொல்வதை அவர்கள் கையொப்பம் என்றார்கள். அந்தச் சொல்லில் இருக்கும் கனத்தைப் பாருங்கள். முன்பதிவு என்றால் பொத்தானை அழுத்துவது; கையொப்பம் என்றால் ஒரு மனிதர் இன்னொருவர் எதிரில் உட்கார்ந்து பெயரை எழுதுவது. அதை வாங்க, நூலின் அருமையை அவருக்கு எடுத்துச் சொல்லியாக வேண்டும். அச்சுக்குப் போகும் முன்பே அவர் கையில் ஒரு பெயர்ப் பட்டியல் இருந்தது. என் கையில் 500 என்ற எண் மட்டும் இருந்தது. அந்த எண்ணும் எப்படி வந்தது தெரியுமா? 500-க்குக் குறைந்தால் கட்டுபடியாகாது என்று அச்சகத்தில் சொன்னார்கள். எத்தனை பேர் படிப்பார்கள் என்பதை அச்சகத்தில் கேட்டுத் தெரிந்துகொண்ட ஆள் நான். இப்போதெல்லாம் 50, 100 என்றும் அடித்துத் தருகிறார்கள். பிரதிக்கு இருபது முப்பது ரூபாய் கூட ஆகும். ஆகட்டும்.

பாரதியார் விஷயம் மனசுக்குக் கஷ்டமானது. 1920-இல் கடையத்தில் இருந்தபோது தன் எழுத்துகளை 40 புத்தகங்களாகப் போட ஒரு திட்டம் எழுதினார். ஒவ்வொன்றிலும் 10,000 பிரதி; ஆக நாலு லட்சம். தீப்பெட்டி, மண்ணெண்ணெய் மாதிரி அவை வீடு வீடாகப் போகும் என்று நம்பினார். முதல் போடக் கடன் கேட்டு நண்பர்களுக்குக் கடிதம் அனுப்பினார். பணம் வரவில்லை. மறு வருஷம் செப்டம்பரில் போய்விட்டார். அவர் நம்பிக்கை பொய்யில்லை, பின்னால் அவர் புத்தகங்கள் அதற்கும் மேலே போயின. ஆனால் 1920-இல் அவரிடம் நாலு லட்சம் என்ற எண் இருந்தது, ஊர் ஊராக எடுத்துப்போக ஆள் இல்லை. அவரோடு என்னைச் சேர்த்துப் பேசவில்லை. எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்குகிற புத்தி பெரியவர்களுக்கும் வந்திருக்கிறது என்று ஓர் ஆறுதல்.

எடுத்துப்போகும் ஆள் என்றால் சி.சு. செல்லப்பாதான். 1959 ஜனவரியில் 'எழுத்து' பத்திரிகையை ஆரம்பித்து, 119 இதழ் நடத்தினார். எழுத்து பிரசுரம் என்று புத்தகங்களும் போட்டார். அவற்றை மூட்டையாகக் கட்டித் தூக்கிக்கொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். 'எழுத்து' வளர்த்த புதுக்கவிதை எங்கே வாழ முடியுமோ, படிக்கிற பிள்ளைகளும் சொல்லித்தருகிற ஆசிரியர்களும் எங்கே இருந்தார்களோ, அங்கே கொண்டுபோனார். எண்பத்தைந்து வயதில், 1997-இல், 'சுதந்திர தாகம்' நாவலை மூன்று பாகமாகத் தானே வெளியிட்டார். மறு வருஷம் காலமானார். சாகித்ய அகாதெமி பரிசு அந்த நாவலுக்கு 2001-இல் வந்தது. அவரைப் பற்றிப் பேசும்போது பலர் 'பாவம், மூட்டை தூக்கினார்' என்று உச்சுக் கொட்டுகிறார்கள். எனக்கு அது பிடிக்காது. சந்தையில் தார்ப்பாய் விரித்த பிறகு சுத்தமாகப் பிடிக்கவில்லை. வாசகனை நேருக்கு நேர் பார்த்த எழுத்தாளர் பாவமா, பார்க்காமலே போனவர் பாவமா?

நாம் உட்கார்ந்திருப்பது நூலகம். அதனால் எஸ்.ஆர். ரங்கநாதனைச் சொல்லாமல் போகக் கூடாது. சீர்காழிக்காரர். 1931-இல் அவர் எழுதிய நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் மூன்றாவது, ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்குரிய வாசகர் ஒருவர் உண்டு என்கிறது. அதே வருஷம் மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில் மாட்டுவண்டியில் நூலகம் ஒன்று கிளம்பியது. தொடங்கி வைத்தவர் அவர். வாசகர் தேடி வருவார் என்று வண்டி விட்டவர்கள் காத்திருக்கவில்லை, மாட்டைப் பூட்டினார்கள். கமலைப் புத்தகம் எழுதியவனுக்கு அந்த மாட்டைப் பார்த்துக் கொஞ்சம் பெருமை.

இணையம் வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். ஆனால் அங்கேயும் இதே நியாயம்தான். என் அட்டைப் படத்தை எழுத்தாளர் குழுக்களில் போட்டேன். அங்கே எல்லாரும் விற்கிறவர்கள். வாங்க ஆள் இல்லை. நாட்டுமாடு வளர்ப்பவர்கள் நடத்தும் வாட்ஸ்அப் குழு ஒன்றில் முதல் அத்தியாயத்தை மட்டும் அனுப்பினேன், ஒரே வாரத்தில் 22 பேர் பணம் அனுப்பினார்கள். முதல் அத்தியாயம் என்ற யோசனை நாவலாசிரியர் அமிஷ் திரிபாதியிடம் எடுத்தது. 2010-இல் மெலூஹா நாவலைப் பல பதிப்பாளர்கள் வேண்டாம் என்ற பிறகு அவருடைய இலக்கிய முகவரே வெளியிட்டபோது, அமிஷ் முதல் அத்தியாயத்தைத் தனியாக அச்சிட்டுக் கடைக் கல்லாவில் சும்மா கொடுக்க வைத்தார். சும்மா கொடுப்பதென்றால் அப்படிக் கொடுக்க வேண்டும். முழுசையும் கொடுத்துவிட்டு டிவி ஸ்டாண்டுக்கு அடியில் தேடக் கூடாது.

நட்சத்திரம் போடுவது பற்றி ஒரு வார்த்தை. வேறு பெயரில் நாமே நமக்கு ஐந்து நட்சத்திரம் போட்டுக்கொள்கிற வேலை. இது அமேசான் வந்த பிறகு முளைத்ததில்லை. அமெரிக்கக் கவிஞர் வால்ட் விட்மன் 1855-இல் 'புல்லின் இதழ்கள்' தொகுப்பைச் சொந்தச் செலவில் 795 பிரதி அடித்துவிட்டு, பெயர் போடாமல் தன் புத்தகத்துக்குத் தானே பத்திரிகைகளில் மதிப்புரை எழுதினார். எழுத்தாளர் எமர்சன் தன்னைப் பாராட்டி எழுதிய தனிப்பட்ட கடிதத்தின் ஒரு வரியை, கேட்காமலே, அடுத்த பதிப்பின் முதுகில் தங்க எழுத்தில் பொறித்தார். அவர் விட்மன், தாங்கியது. நாம் செய்தால் நம் ஊரில் நாலு நாளில் தெரிந்துவிடும், ஏனென்றால் நம் நடை நமக்கே உரியது என்று விழாவில் ஐந்து பேர் பேசியிருக்கிறார்கள்.

மோட்டார் கடையில் முதல் பிரதியை எடுத்துப்போனவரைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். தாராபுரம் பக்கத்துக்காரர். ஒரு மாதம் கழித்து, பில் புத்தகத்தில் இருந்த என் நம்பரைக் கேட்டு வாங்கிக் கூப்பிட்டார். "ஐயா, எங்க பக்கம் கவலைன்னுதானுங்க சொல்லுவோம். அது போகட்டும். 61-ஆம் பக்கத்துல படம் போட்டிருக்கீங்களே, அதுல வடத்தையும் வால்கயித்தையும் மாத்திப் பேரு போட்டிருக்கீங்க. வடம் மேல் உருளைல போறது. வால்கயிறுதானுங்க தண்ணி கொட்டுற தும்பியோட வாயப் புடிச்சிருக்கும்." எடுத்துப் பார்த்தேன். சரிதான். மூன்று பேர் மெய்ப்புப் பார்த்த புத்தகம். வெளியீட்டு விழாவில் ஐந்து பேர் பேசிய புத்தகம். ஒருவர் கண்ணிலும் படவில்லை, எழுதிய என் கண்ணிலும் படவில்லை. கமலை ஓட்டியவர் கைக்குப் போன பிறகுதான் அகப்பட்டது.

அதற்காகத் திருத்தச் சீட்டு ஒன்று அச்சடித்திருக்கிறேன், இரண்டு விரல் அகலம். வெளியே மேசையில் 20 பிரதி இருக்கிறது. இன்றைக்கு 200 ரூபாய். சில்லறை இருக்கிறது, ஜிபே அட்டையும் வைத்திருக்கிறேன். 61-ஆம் பக்கத்தைத் திறந்து பார்த்து வாங்குங்கள். சீட்டு ஒட்டாத பிரதி கைக்கு வந்தால் என்னிடம் சொல்லுங்கள். சட்டைப் பையில் பசை இருக்கிறது.